மிஸ்ஸி கேட்ட கதிரை

பவதாரணிக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். அதுதான் வில்லங்கம். சத்தம் போடுகிறவர்களின் கோபம் ஒரு பிளேன்ரீ குடித்து முடிவதற்குள் ஆறிவிடும். இவளோ கோபத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போய், இருத்தி, வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்க்கிற ஆள். அப்படி வளர்ந்த கோபங்களுக்குள்ளே ஆகப் பெரியது தில்லைநாதன் மேலே வந்தது.

அவள் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் தாதி, ஊர் வாயில் மிஸ்ஸி. எந்தத் தீவு என்று கேட்காதீர்கள், சொன்னால் அங்கேயுள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள். குறிகட்டுவானில் படகேறி, கச்சான் காற்றுக் காலமென்றால் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டிய இடம் என்பதோடு விடுங்கள். அங்கேயே பிறந்தவள். படித்துப் பாஸ்பண்ணித் தாதியாகி, முதல் நியமனமும் அங்கேயே கிடைத்தபோது ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. அவளும் பட்டாள். சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு மூன்று வருஷம் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகும்போது கல்வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற மாடுகூடத் தனக்கு மரியாதை தருவதாகத்தான் நினைத்தாள்.

பிறகு எல்லாம் சலித்துப் போயிற்று. ஐந்து பேர் செய்யவேண்டிய வேலையை இரண்டு பேர் செய்தார்கள். இடமாற்றம் கேட்டால், உமக்குப் பதிலாக ஓர் ஆள் வந்து பாரமெடுத்தால் விடுகிறோம் என்றார்கள். அந்தத் தீவுக்குப் பதிலாள் எங்கே வருவது? வந்த ஒருத்தியும் படகில் சத்தியெடுத்த கையோடு மருத்துவச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பிவிட்டாள். பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் கூடப் படித்தவர்கள் எல்லாம் பதவி உயர்ந்து கண்ணாடி அறைக்குள் இருக்க, இவள் நரம்பு புடைத்த காலோடு வார்ட்டுக்கும் மருந்து கட்டுகிற அறைக்கும் நடந்து தேய்ந்தாள். நன்றி என்ற சொல்லைக் காதால் கேட்டு எத்தனை காலம் என்று அவளுக்கே நினைவில்லை. வேலை செய்தால் அது அவளுடைய கடமை, ஒரு நாள் பிந்தினால் அது அவளுடைய திமிர்.

புருஷன் நிலக்ஷன் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர், சாதுவான ஆள். அவனுடைய மச்சான் மிரோஜன் கிளிநொச்சியில் பெரிய ஹாட்வெயார் கடை வைத்திருந்தான். “அக்கா, நீங்கள் வந்து கடையைப் பாத்தால் நான் நிம்மதியாப் படுப்பன்” என்று வருகிறபோதெல்லாம் சொல்லுவான். பவதாரணி அதைப் பற்றி அடிக்கடி யோசிப்பாள். இரும்பாணிக்குக் காய்ச்சல் வராது. பைப்புக்கு மருந்து கட்டத் தேவையில்லை. சீமெந்துப் பை படுக்கையில் கிடந்துகொண்டு ‘மிஸ்ஸி, மிஸ்ஸி’ என்று கூப்பிடாது. ஆனாலும் போகவில்லை. இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்றிருந்தவளை ஒரு பின்னேரம்தான் வேறு பக்கம் திருப்பியது.

டொக்டர் அன்றைக்கு லீவில் அக்கரைக்குப் போயிருந்தார். வார்ட்டில் மேரிஜோசப்பினின் மூத்த மகள் பேறுவலியோடு கிடந்தாள். மேரிஜோசப்பின் கருவாடு காயவைத்து விற்று மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்த மனுசி. பிள்ளை குறுக்கே கிடக்கிற மாதிரி இருந்தது பவதாரணிக்கு. நோயாளர் படகை ஆயத்தமாக வைக்கச் சொல்லிவிட்டு நிற்கிறாள், தில்லைநாதன் ஓ.பி.டி. வாசலில் வந்து நின்றார்.

தில்லைநாதன் முந்திப் பிரதேச சபைத் தவிசாளராக இருந்தவர். சபை கலைந்து கனகாலம், ஆனால் ஊர் அவரை இன்னும் சேர்மன் என்றுதான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். கனடாவிலிருந்து வந்த தமையன் குடும்பம் கடைசிப் படகைத் தவறவிட்டுவிட்டதாம், விடிய விமானமாம்.

“மிஸ்ஸி, அந்தப் படகை ஒருக்கா விடும். இவையளைக் குறிகட்டுவானிலை இறக்கிப்போட்டு உடனை வந்திடும்.”

“ஏலாது ஐயா. உள்ளை பேறுகாரப் பிள்ளை கிடக்கு. எந்த நேரமும் கொண்டுபோக வேண்டி வரும்.”

“நான் கேக்கிறன்.”

“ஆர் கேட்டாலும் ஏலாது.”

தில்லைநாதனின் முகம் கறுத்தது. அவர் அதுவரைக்கும் நீர் என்றுதான் கதைத்தவர். ஒரே பாய்ச்சலில் ‘நீ’ என்பதற்கு இறங்கினார். “பீச்சட்டி தூக்க வந்தவள், உனக்கென்னடி என்னோட கதை?” என்று கத்தினார். வரிசையில் அத்தனை பேர் இருந்தார்கள். காய்ச்சலுக்கு அவளிடம் பனங்கட்டித் தண்ணி வாங்கிக் குடித்தவர்கள், புண்ணுக்கு அவள் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள். ஒரு குஞ்சுகூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கிளினிக் கொப்பியைப் புதினப் பேப்பர் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

படகு நின்றது நல்லதாய்ப் போயிற்று. பொழுதுபடுவதற்குள் மேரிஜோசப்பினின் மகளை அதில் ஏற்றிக்கொண்டு பவதாரணியே கூடப் போனாள். அக்கரை ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறித் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். மேரிஜோசப்பின் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றி அழுதாள்.

அதோடு முடிந்ததா? எங்கே முடிந்தது! தில்லைநாதன் மேலிடத்துக்குப் போன் எடுத்தார். லீவால் வந்த டொக்டர், நேற்றுப் படித்து முடித்த பொடியன், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அக்கா, நீங்கள் செய்தது சரிதான். ஆனால் வார்ட்டுக்குக் கூரை போட்டுத்தாறதெண்டு சொன்னவர் அந்த மனுசன். ஒருக்காப் போய் ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டுவிடுங்கோவன்” என்றான்.

போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உச்சி வெடிக்கும். தில்லைநாதன் வீட்டு விறாந்தை நிறையக் கதிரைகள். எல்லாம் கூட்டம் வைக்கிறதற்கு என்று வாங்கிப் போட்டவை. அவர் ஒன்றில் சாய்ந்துகொண்டு போன் பார்த்தார். “இரும்” என்று சொல்லவில்லை. ஒரு மிடறு தண்ணி வேணுமா என்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வழக்காடப் போனவனுக்கும் முதலில் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் வழக்கைத் தொடங்குவார்கள். இவளை அந்தக் கதிரைகளுக்கு நடுவில் நிற்கவைத்தே கதை கேட்டார்.

“இனிமேல் ஆளைப் பாத்துக் கதையும். விளங்கிச்சோ?”

“ஓம்” என்றாள் பவதாரணி.

அந்த ஓம் அவளுடைய தொண்டைக்குள் முள்ளாய்க் குத்தி நின்றுகொண்டது. வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனவள், அடுப்பை மூட்டாமல் நின்றாள். நிலக்ஷன் வந்து, “என்னப்பா?” என்றான். “நான் அந்த ஆளை நிக்க வைக்கிறன், பாருங்கோ” என்றாள். எங்கே, எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது.

சபைத் தேர்தல் வருகிறது என்று அறிவித்ததும் தெரிந்துபோயிற்று. தில்லைநாதன் பழையபடி தன் வட்டாரத்தில் நின்றார். அதே வட்டாரத்தில் ஒரு சுயேச்சைக் குழு, பெண் ஆள் ஒன்று தேவை என்று தேடித் திரிந்தது. பவதாரணி தானாகவே போய்க் கையெழுத்து வைத்தாள். சம்பளமில்லாத லீவு எடுத்தாள். நிலக்ஷன் தலையில் கைவைத்தான்.

“உமக்கு வேலை பிடிக்கேல்லையெண்டால் கிளிநொச்சிக்குப் போவம். ஏன் இந்த வேண்டாத வேலை?”

“கிளிநொச்சியிலை தில்லைநாதன் இல்லையே” என்றாள்.

மேடையிலே அவள் ரோட்டைப் பற்றிக் கதைத்தாள், குடிதண்ணீரைப் பற்றிக் கதைத்தாள், தெருவிளக்கைப் பற்றிக் கதைத்தாள். மனதுக்குள்ளே இருந்தது ஒன்றே ஒன்றுதான். தான் தவிசாளர் கதிரையில் இருக்கவேண்டும். ஏதோ ஓர் அலுவலாக அந்த மனிதன் வந்து மேசைக்கு முன்னால் நிற்கவேண்டும். தான் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும், இரும் என்று சொல்லக்கூடாது. சோறு தின்னும்போதும் சீப்பால் தலை இழுக்கும்போதும் இந்தப் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காத படம் அது.

லேண்ட்மாஸ்டர் உழவுமெஷின் ஓட்டுகிற வின்சன்ற் என்பவன்தான் தேர்தல் வேலையில் அவளுக்கு எல்லாம். பெட்டியில் ஸ்பீக்கரைக் கட்டி, அவளையும் ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பித் திரிந்தான். முதல் கூட்டம் சங்கக்கடைச் சந்தியில். பவதாரணி சூடாகிவிட்டாள். “என்னை வெல்ல வையுங்கோ! வெண்டால் அடுத்த நாளே இந்த மிஸ்ஸி வேலையைத் தூக்கி எறிஞ்சுபோட்டு முழுநேரமும் உங்களுக்காக நிப்பன்!” என்றாள். கை தட்டுவார்கள் என்று பார்த்தாள். ஒரு சத்தத்தையும் காணோம். சனம் நெகிழ்ந்துபோய் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டாள். என்ன நினைப்பு, பாருங்கள்!

வீடு வீடாகப் போனாள். நோட்டீசை நீட்டினால் ஆட்கள் கையை நீட்டினார்கள். “மிஸ்ஸி, வந்ததோட இந்தப் பிரஷரை ஒருக்காப் பாத்துவிடுங்கோ.” “மிஸ்ஸி, இவரின்ரை கால் புண்ணை ஒருக்காப் பாருங்கோ, மணக்குது.” மறுநாள் அவள் நோட்டீசோடு பிரஷர் பார்க்கிற கருவியையும் கொண்டுபோனாள். வேண்டாம் என்று ஓடிவந்த வேலையை வெய்யிலில் சம்பளமில்லாமல் செய்கிறேனே என்று உள்ளுக்குள் எரிந்தாலும், வாக்குக்காகப் பல்லைக் கடித்தாள். தேத்தண்ணி வந்தது, முட்டை வந்தது, ஓட்டி மீன் வந்தது. கதிரை இழுத்துப் போடாத வீடே இல்லை. தேர்தல் முடிந்த மாதிரித்தான் என்று கணக்குப் போட்டாள்.

ஒரு நாள் வின்சன்ற் தலையைச் சொறிந்தான். “அக்கா, ஒரு புதினம். சேர்மனும் வீடு வீடாப் போறார். ஆனால் உங்களைப் பற்றி ஒரு கூடாத சொல்லுச் சொல்லுறாரில்லை. நல்லாத்தான் கதைக்கிறாராம்.”

பவதாரணி சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அவன் கண்டான். “பயந்திட்டார் வின்சன்ற். நடுங்கட்டும்.”

நடுங்கியது அவளுடைய தலையெழுத்து. வாக்கு எண்ணி முடித்துப் பள்ளிக்கூட வாசலில் அறிவித்தபோது தில்லைநாதனுக்குக் கிடைத்ததில் அரைவாசிகூட அவளுக்கு இல்லை. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பவதாரணி வீட்டுக்கு வந்து, சேலையும் மாற்றாமல் கட்டிலில் இருந்தாள். தோற்றதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. தேத்தண்ணி தந்த வீடுகள் எல்லாம் வரிசையாய்க் கண்ணுக்கு முன்னால் வந்தன. எந்த வீடு சிரித்துக்கொண்டே கழுத்தை அறுத்தது?

விடிந்ததும் மேரிஜோசப்பின் வீட்டுக்குப் போனாள். ஊரே பொய் சொன்னாலும் அந்த மனுசி சொல்லாது என்ற நம்பிக்கை. மேரிஜோசப்பின் முற்றத்தில் மீனைக் கீறி உப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மேரியக்கா, நீங்கள் எனக்குப் போட்டனீங்களோ?”

மனுசி உப்புக் கையைச் சீலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“கேக்கிறன், சொல்லுங்கோ.”

“இல்லை மிஸ்ஸி. மாதாவாணை, உங்களிலை உள்ள அன்பிலைதான் போடேல்லை.”

“என்ன?”

“நீங்கள் வெண்டால் ஆஸ்பத்திரியை விட்டிடுவன் எண்டு சொன்னனீங்கள் எல்லோ? என்ர சின்னவளுக்கு வாற ஆடியிலை பேறு. மூத்தவளுக்கு நடந்தமாதிரி இவளுக்கும் நடந்தால் ஆர் இருக்கினம்? நான் மட்டுமில்லை மிஸ்ஸி, எல்லாரும் அதைத்தான் யோசிச்சவை. சேர்மன் வந்து இதிலை இருந்து சொன்னவர். ‘அவள் மாதிரி ஒரு நேர்ஸ் உலகத்திலை கிடையாது, நானே அவளுக்குப் பிழை விட்டனான், கையிலை இருக்கிற தெய்வத்தைச் சபைக்கு அனுப்பிப்போட்டுப் பிறகு ஆஸ்பத்திரியிலை ஆரைக் கூப்பிடப் போறியள், எனக்குப் போடுங்கோ, அவளை உங்களோடையே வைச்சிருப்பம்’ எண்டு. சொல்லேக்கை அவரின்ரை கண்ணும் கலங்கினது.”

இத்தனை வருஷம் ஒரு வாயிலிருந்தாவது வரவேண்டும் என்று பவதாரணி ஏங்கிக் கிடந்த சொல் அது. அந்த நல்ல வார்த்தையைச் சொல்லுவதற்கு ஒரு தில்லைநாதன்தானா கிடைத்தான்? அதையும் அவளை விழுத்துவதற்குத்தானா சொன்னான்? அட பாவி! இந்தச் சனமும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறது. அவளுக்கு என்ன வேணும் என்று ஒருவராவது யோசித்தார்களா? கிணற்றடியில் கட்டிவைத்த கறவை மாட்டைப் பற்றிக் கதைக்கிற மாதிரியல்லவா கதைத்திருக்கிறார்கள். அவளைப் பீச்சட்டிக்காரி என்றபோது திறக்காத வாய்கள், அவளைக் கட்டிவைப்பதற்கு மட்டும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கின்றன.

“கோவிக்காதேங்கோ மிஸ்ஸி” என்றாள் மேரிஜோசப்பின். “எங்களுக்கு உங்களை விட்டால் ஆரும் இல்லை.”

பவதாரணி திரும்பி வந்துவிட்டாள். வந்த கையோடு ராஜினாமாவை எழுதி டொக்டரின் மேசையில் வைத்தாள். டொக்டர் கெஞ்சினான், சட்டம் சொன்னான், மேலிடம் விடாது என்றான். “விடாட்டிப் பொலிசை அனுப்பிப் பிடிக்கச் சொல்லுங்கோ” என்றாள். நிலக்ஷன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மிரோஜனுக்குப் போன் எடுத்தான்.

அவள் போகிற நாளில் இறங்குதுறையில் ஒரே சனம். அவளை வழியனுப்ப என்று நினைத்தீர்களாக்கும்! பட்டணத்தில் கட்சிக்காரரைச் சந்தித்துவிட்டு, தவிசாளர் நான்தான் என்று உறுதியாக்கிக்கொண்டு தில்லைநாதன் மத்தியானப் படகில் வந்து இறங்கினார். மாலை, நாதஸ்வரம், வெடிக்கட்டு எல்லாம் ஆயத்தம். அதே படகுதான் திரும்பப் போகிற படகு. பவதாரணி சூட்கேசோடு சனத்தைப் பிளந்துகொண்டு போனாள். நிலக்ஷன் பின்னால் பைகளோடு வந்தான். மேரிஜோசப்பின் எங்கிருந்தோ கேள்விப்பட்டு, வயிறு தள்ளிய சின்னமகளையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

தில்லைநாதன் கழுத்து நிறைய மாலையோடு வழியில் நின்றார். அவருக்கு அப்போது ஊரே சொந்தம்.

“என்ன மிஸ்ஸி, பயணமோ? லீவு முடிஞ்சு வேலைக்கு வாற நாளெல்லோ?”

“வேலையை விட்டிட்டன்.”

அவர் சிரித்தார், சுற்றி நின்றவர்களையும் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார். “வெண்டால் விடுவன் எண்டுதானே சொன்னனீர்? தோத்தவர் ஏன் விடுறீர்?”

“வெண்டிருந்தால் உங்களிலை மட்டும்தான் பழி தீத்திருப்பன் ஐயா” என்றாள் பவதாரணி. சத்தம் கூட்டவில்லை, ஆனால் நாதஸ்வரக்காரன்வரை கேட்டது. “இவையள் என்னைத் தோக்கடிச்சவை. அதாலை இப்ப எல்லாரிலையும் தீக்கிறன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னக் குரலில் யாரோ “மிஸ்ஸி” என்றார்கள். அன்றைக்கு வரிசையில் இருந்து கொப்பி பார்த்த முகங்கள் அத்தனையும் இப்போது அவளையே பார்த்தன. தில்லைநாதன் மாலையைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பவதாரணிக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. எத்தனையோ நாளாய்த் தொண்டைக்குள் நின்றது ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது.

மேரிஜோசப்பின் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்தாள். “மிஸ்ஸி, இந்தப் பிள்ளையின்ரை முகத்துக்காகவாவது.”

பவதாரணி பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று கண்ணைக் கீழே இறக்கினாள். இறக்கிய கண் பிள்ளையின் காலில் போய் விழுந்தது. பாதம் இரண்டும் பாட்டாச் செருப்பு வார் புதையுமளவுக்கு வீங்கியிருந்தது. அவள் குனியவில்லை, கையும் நீட்டவில்லை.

“தலையிடி இருக்கோ?” என்று கேட்டாள்.

“ஓம் மிஸ்ஸி, மூண்டு நாளா. கண்ணும் மங்கலாக் கிடக்கு” என்றது பிள்ளை.

“மேரியக்கா, இவளுக்குப் பிரஷர் ஏறிக் கிடக்கு, விட்டால் வலிப்பு வரும். இப்பவே இந்தப் படகிலை ஏத்துங்கோ. அக்கரையிலை இறங்கினவுடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ. இஞ்சை பாக்கிறதுக்கு இனி ஆள் இல்லை.”

அதைத் தில்லைநாதனுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஏறி, முன்பக்கப் பலகையில் இருந்தாள். மேரிஜோசப்பின் அழுதுகொண்டே மகளையும் ஏற்றி, எதிரே இருத்தினாள். நிலக்ஷன் பைகளை உள்ளே தள்ளினான். கரையில் சனம் அப்படியே நின்றது, தில்லைநாதன் தனியாகக் கொஞ்சம் விலகி நின்றார்.

இஞ்சின் இரைந்து படகு ஆழத்துக்கு வந்ததும் அலை தூக்கித் தூக்கி அடித்தது. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சரிந்தாள். பவதாரணி கடலைப் பார்த்தாள். நான் இனி மிஸ்ஸி இல்லை, நான் ஹாட்வெயார் கடைக்காரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளையின் கை நடுங்கத் தொடங்கியது. அடுத்த அலைக்கு முதல் பவதாரணி எழும்பிப் போய் அவளை இடப்பக்கமாய்ச் சரித்துப் படுத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நாடியைப் பிடித்தாள். “அறுந்து போவியள், என்னை விடவே மாட்டியளோ?” என்று மேரிஜோசப்பினைப் பார்த்துக் கத்தினாள். வாழ்க்கையில் முதல்தரம் அவள் கோபத்தில் சத்தம் போட்டது அதுதான். அப்படிக் கத்திக்கொண்டே குறிகட்டுவான்வரைக்கும் பிள்ளையின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.